படத்தை விட்டுப் படுக்கையைப் பாருங்கள்
முதியோர் இல்லம் தேடுவோர்க்குச் சில வார்த்தைகள்

(வேப்பம்பட்டில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் வழக்கம்போல் புராணத்தைப் பற்றியும் புரோகிதத்தைப் பற்றியும் பேசுவோம் என்று நீங்கள் எதிர்பார்த்து வந்திருக்கக்கூடும். ஆனால் கூட்டத்துக்கு முன்னால் நம்மைக் கண்டு பேசிய தோழர்களில் மூன்று பேர் ஒரே சங்கதியைக் கேட்டார்கள். ஒருவருடைய தகப்பனார் பக்கவாதத்தால் படுத்துவிட்டார். ஒருவருடைய தாயாருக்குப் புத்தி தடுமாறி இரவில் கதவைத் திறந்துகொண்டு போய்விடுகிறார். மற்றொருவருடைய அத்தைக்குப் பிள்ளை குட்டி இல்லை. "சென்னையில் நல்ல முதியோர் இல்லம் எது? ஐயா சொன்னால் அங்கேயே சேர்த்துவிடுகிறோம்" என்பதே அம்மூவருடைய கேள்வி. ஆகவே இன்றைக்கு இதையே பேசுவதென்று முடிவு செய்துகொண்டோம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகின்றோம். எந்த இல்லத்தின் பெயரையும் நாம் சொல்லப் போவதில்லை. நாம் சொன்னோம் என்பதற்காக நீங்கள் ஓர் இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பீர்களானால், சோசியன் சொன்னான் என்று பெண் கொடுப்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? எப்படிப் பார்ப்பது, எதைக் கேட்பது என்பதைத்தான் சொல்லப் போகின்றோம். பார்ப்பதும் கேட்பதும் உங்கள் காரியம்.

மானம் போகிறதாம்!

தோழர்களே! பெற்றவர்களை இல்லத்தில் விடுவதென்றால் ஊரார் வாய்க்கு வந்தபடியெல்லாம் பேசுகிறார்கள். "பெற்ற தாயைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டான்" என்கிறார்கள். சரி, வீட்டிலேயே வைத்துக்கொண்டவன் என்ன செய்கிறான் என்று பார்த்தீர்களா? மலம் எடுப்பது யார்? துணி மாற்றுவது யார்? இரவில் மூன்று முறை எழுந்து தண்ணீர் கொடுப்பது யார்? மருமகள்! அல்லது கலியாணமாகாமல் வீட்டிலிருக்கும் மகள்! அவள் தூங்கினாளா, சாப்பிட்டாளா என்று கேட்பாரில்லை. கடைசியில் கொள்ளி வைத்துத் தலை மொட்டையடித்துக்கொண்டு நிற்கும் ஆண்பிள்ளைக்கு, "பெற்றோரைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றிய புத்திரன்" என்று பட்டம். உழைத்தவள் ஒருத்தி, பேர் வாங்குகிறவன் ஒருவன் என்றால் இது என்ன நியாயம் என்று கேட்கின்றோம்.

இது ஒருபுறமிருக்க, காலமும் மாறியிருக்கின்றது. சுதந்திரம் வந்த காலத்தில் இந்நாட்டில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் முப்பது சில்லறை வருஷந்தான். இன்று எழுபதை ஒட்டியிருக்கின்றது. 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி நமது தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். இந்த ஆயுளை யாகமும் கொடுக்கவில்லை, மந்திரமும் கொடுக்கவில்லை. அம்மை குத்தியதும், நல்ல தண்ணீரும், மருந்தும் கொடுத்தன. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளோ அம்பத்தூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். புருஷனும் பெண்சாதியும் வேலைக்குப் போனால்தான் அடுப்பெரிகிறது. அப்படியிருக்க, படுத்துவிட்ட கிழவரை வெளியிலுள்ளவர் உதவிகொண்டு பார்ப்பதில் மானம் எங்கே போய்விட்டது?

உடம்பு தளர்ந்தவர்க்குப் பிறர் கைத்துணை வேண்டியிருப்பது வெட்கப்படக்கூடிய காரியமல்ல. பெரியார் அவர்கள் தமது கடைசிக் காலத்தில் சிறுநீர் இறங்கும் குழாயோடும் அதற்கான பாத்திரத்தோடுமே ஊர் ஊராய்ச் சென்று மேடை ஏறினார்கள். 1973 டிசம்பர் 19-ந் தேதி தியாகராய நகரில் பேசிய கடைசிப் பேச்சும் அந்த நிலையில்தான். அவ்வளவு காலம் அவர்கள் உடம்பைப் பேணிக் காத்தவர் மணியம்மையார். பணிவிடை என்பது இலேசான வேலையல்ல என்பதற்கு இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் ஒரு நிபந்தனை. சேர்க்கப் போகிறவரைக் கேட்காமல் சேர்க்காதீர்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு போவதுபோல், "ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா" என்று பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கிழவனுக்கும் சுயமரியாதை உண்டு. அவரையும் கூட அழைத்துச் சென்று இடத்தைக் காட்டி, அவர் வாயால் சரியென்று சொன்ன பிறகுதான் சேர்க்க வேண்டும். புத்தி தடுமாறியவரானாலும் எது பிடிக்கிறது, எது பயமாயிருக்கிறது என்பதை முகத்திலேயே காட்டிவிடுவார். வீட்டிலேயே ஆள் வைத்துப் பார்க்க முடியுமானால் அதை முதலில் யோசியுங்கள்.

இப்போது எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

நிற்க. நம் ஜனங்கள் இல்லத்தை எதைக் கொண்டு தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பாருங்கள். வாசலில் சாமி படம் பெரிதாயிருக்கின்றதா, நடத்துகிறவர் நம் ஜாதியா, தரையில் பளிங்குக் கல் போட்டிருக்கின்றதா, பெயரில் "சேவை" என்றோ "கருணை" என்றோ இருக்கின்றதா, இவைதாம் பரீட்சை! இவற்றில் எது கிழவியைக் குளிப்பாட்டும்? எது இரவில் எழுந்து அவளைப் புரட்டிப் படுக்க வைக்கும்?

இங்கிருந்து ரயிலேறினால் சில நிலையங்களில் திருவள்ளூர். அங்கே வீரராகவருக்கே வைத்தியர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அமாவாசைக்கு அமாவாசை ஜனங்கள் திரண்டுபோய் வெல்லத்தைக் குளத்தில் கரைத்துவிட்டு, வியாதியும் அப்படியே கரையுமென்று நம்பி வருகிறார்கள். அதே திருவள்ளூரில் அரசாங்கம் 2022-இல் மருத்துவக் கல்லூரியும் திறக்க வேண்டியதாயிற்று. வைத்தியர் கோயிலிலேயே இருந்தால் கல்லூரி எதற்கு?

இதைக் கேட்டுச் சிரிக்கிறீர்கள். சிரிக்க முடியாத சங்கதி ஒன்றும் உண்டு. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவின் அருளால் சித்தம் தெளியுமென்று நம்பி மனநோயாளிகளைக் கொண்டுபோய் அங்கிருந்த விடுதிகளில் விட்டார்கள். 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில் அந்த விடுதிகளில் ஒன்றின் கொட்டகை தீப்பற்றிக்கொண்டது. உள்ளிருந்தவர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். ஓடவும் முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பத்தார் எல்லாரும் கொடியவர்களா? அல்ல. அருள் இருக்கிறதா என்று கேட்டார்களே தவிர, கதவு எத்தனை, பூட்டு எத்தனை, இரவில் யார் இருப்பார்கள் என்று கேட்கவில்லை. மதம் எதுவானாலும் இந்தக் கேள்வியைக் கேட்கவிடாமல் செய்வதே அதன் வேலையாயிருக்கின்றது. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக்கூடாதென்று 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் வெளிப்படையாகச் சொல்லுகிறது.

நாம் செய்த மூடத்தனம்

தோழர்களே! பிறருடைய மூடநம்பிக்கையை இவ்வளவு சொன்ன நாம், நம்முடையதைச் சொல்லாமல் போவது யோக்கியமாகாது.

நமது தாயார் 76-ஆவது வயதில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார்கள். நகரத்தில் ஓர் இல்லம் பார்க்கப் போனோம். உள்ளே நுழைந்ததும் சுவரில் பெரியார் படம் மாலையோடு இருந்தது. நடத்துகிறவர் "வாங்க தோழர்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான்! நமக்கு வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை. இரவில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று கேட்கவில்லை. மேல்மாடிக்கு ஏறிப் பார்க்கவில்லை. முன்பணத்தைக் கட்டிவிட்டுத் திரும்பினோம்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாலை நான்கு மணிக்குப் போவோம். தாயார் தலை வாரி, வெளுத்த சேலை கட்டி, நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். "நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். ஏழாவது வாரத்தில் ஒரு நாள், வேறு காரியமாய் நகரத்துக்கு வந்தவர்கள் காலை ஆறு மணிக்கே அங்கே போனோம். அறையில் மூத்திர நாற்றம். தாயார் நனைந்த துணியில் கிடந்தார்கள். புரட்டிப் பார்த்தால் இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடியுமிடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். ஏனம்மா சொல்லவில்லை என்றோம். "நீ நம்பின இடமாச்சேப்பா" என்றார்கள்.

சாமி படத்தைப் பார்த்துச் சேர்த்தவனுக்கும், பெரியார் படத்தைப் பார்த்துச் சேர்த்த நமக்கும் என்ன பேதம்? ஒன்றுமில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்து, அந்தப் புண் ஆற நான்கு மாதமாயிற்று.

பிறகு வேறோர் இடம் பார்த்தோம். ஓட்டு வீடு. வாசலில் முருகன் காலண்டர். பொறுப்பாயிருந்த நர்ஸம்மாள் நெற்றி நிறைய விபூதி. ஆனால் ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் ஒரு தாள் தொங்கிற்று. எத்தனை மணிக்கு இடப்புறம் புரட்டினார்கள், எத்தனை மணிக்கு வலப்புறம், எவ்வளவு தண்ணீர் குடித்தார்கள் என்று கையெழுத்தோடு எழுதியிருந்தது. அந்த அம்மாள் கடவுளை நம்பினாலும் புண்ணைத் தடுத்தது கடிகாரத்தைக் கொண்டுதான். தாயார் கடைசிவரை அங்கேதான் இருந்தார்கள். மறுபடி புண் வரவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஆகவே தோழர்களே, இனி இல்லம் பார்க்கப் போகிறவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தது மூன்று இல்லங்களைப் பாருங்கள். மூன்றிலும் ஒரே கேள்விகளைக் கேட்டு எழுதுங்கள். ஓரிடத்தில் சாப்பாட்டையும், மற்றோரிடத்தில் கட்டிடத்தையும் பார்த்துவிட்டு வந்தால் எதை எதோடு ஒப்பிடுவீர்கள்?

முதற் கேள்வி, இரவில் எத்தனை கைகள்? இதுதான் எல்லாவற்றிலும் பெரிது. தானே புரள முடியாதவர் ஒரே பக்கமாய்க் கிடந்தால், எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே சதை நசுங்கி, இரத்தம் ஓடாமல் அழுகிப்போகிறது. அதனால்தான் சுமார் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிவிட வேண்டுமென்று வைத்தியர்கள் பழக்கப்படுத்தியிருக்கிறார்கள். ஓர் இல்லத்தில் அப்படிப் படுத்திருப்பவர் இருபது பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரைப் புரட்டி நனைந்த துணியை மாற்ற இரண்டு ஆள் சேர்ந்தால் பத்து நிமிஷம். இருபது பேருக்கு இருநூறு நிமிஷம். இரண்டு மணி என்பதோ நூற்றிருபது நிமிஷம். ஆகவே இரண்டு ஆள் மூச்சுவிடாமல் வேலை செய்தாலும் பன்னிரண்டு பேரைத்தான் பார்க்க முடியும். இரவில் ஓர் ஆயாவை மட்டும் வைத்துக்கொண்டு, "எல்லோரையும் கண்ணும் கருத்துமாய்ப் பார்க்கிறோம்" என்று ஒருவர் சொன்னால், அவர் பொய் சொல்லுகிறார் என்பதற்கு வாய்ப்பாடே சாட்சி.

இரண்டாவது, நர்ஸ் யார்? வெள்ளை உடுப்புப் போட்டவரெல்லாம் நர்ஸ் அல்ல. நர்ஸ் படிப்பு வருஷக்கணக்கில் படித்து, தமிழ்நாடு நர்ஸுகள், மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டவரே நர்ஸ். அந்தப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். ஆயாமார்களையும் தனியே கண்டு, எத்தனை மணி நேர வேலை, சம்பளம் ஒழுங்காய் வருகிறதா என்று கேளுங்கள். பன்னிரண்டு மணி நேரம் வாட்டியெடுத்து அரைச் சம்பளம் கொடுக்கும் இடத்தில் உங்கள் தாயாருக்கு மட்டும் அன்பு எங்கிருந்து வரும்?

மூன்றாவது, உங்கள் மூக்கையும் கண்ணையும் உபயோகியுங்கள். சொல்லாமல் ஒரு தரம் காலை ஆறு மணிக்கும், ஒரு தரம் இரவு ஒன்பது மணிக்கும் போங்கள். வாசலில் அல்ல, மேல்மாடியின் கடைசி அறையில் என்ன நாற்றமென்று பாருங்கள். கிழவர்களின் உதடு காய்ந்திருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா, தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, கக்கூஸில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். பட்டப்பகலில் அத்தனை பேரும் தூங்கினால், தூக்க மருந்து யார் சொல்லிக் கொடுக்கப்படுகிறதென்று கேளுங்கள். கட்டிலில் கட்டியிருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

நான்காவது, நடு இரவில் மூச்சுத் திணறினால் என்ன செய்வீர்கள்? எந்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி என்று கேளுங்கள். "பார்த்துக்கொள்வோம்" என்பது பதிலல்ல.

ஐந்தாவது, பணம். மாதக் கட்டணத்தில் எது அடக்கம், எது தனி? மருந்து, டயப்பர், டாக்டர் கூலி, ஆம்புலன்ஸ் எல்லாம் எழுத்தில் இருக்கிறதா? வேண்டாமென்று கூட்டிக்கொண்டு போனால் முன்பணம் திரும்ப வருமா?

ஆறாவது, பதிவு. முதியோர் இல்லமானால் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரியுங்கள். வைத்தியமும் செய்கிற நர்சிங் ஹோமானால், 1997-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு மருத்துவ நிலையங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படியான பதிவைக் கேளுங்கள். பதிவிருந்தால் நல்ல இடம் என்று அர்த்தமல்ல. பதிவில்லாவிட்டால் உள்ளே நுழைய வேண்டாம் என்று அர்த்தம்.

இப்படி எண்ணிப் பார்ப்பது புது வேலையல்ல. 1854-இல் கிரிமியா யுத்தத்தில் ஸ்கூட்டாரி ஆஸ்பத்திரிக்குப் போன பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை விளக்குப் பிடித்த தேவதை என்று மட்டும் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த அம்மையார் விளக்கைப் பிடித்ததைவிடக் கணக்கைப் பிடித்ததே பெரிது. காயத்தால் மாண்டவர்களைவிட அசுத்தத்தால் வந்த நோயால் மாண்டவர்களே மிகப் பலர் என்பதை எண்ணி எழுதிக் காட்டினார். சாக்கடையைச் சுத்தம் செய்து காற்றோட்டம் உண்டாக்கிய பிறகு சாவு குறைந்தது. ஜெபம் அதற்கு முன்பும் நடந்துகொண்டுதான் இருந்தது.

அமெரிக்காவில் 2008 முதல் அரசாங்கமே முதியோர் கவனிப்பு இல்லங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போட்டு எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுகின்றது. சோதனை போடும் அதிகாரிகள் கண்ட குறை, வேலையாட்களின் தொகை, நோயாளிகளின் நிலை ஆகிய மூன்றையும் பார்த்துப் போடுகிறார்கள். அங்கேயும் ஆரம்பத்தில் வேலையாட்கள் எத்தனை பேரென்பதை இல்லக்காரரே எழுதிக் கொடுத்தார்கள். அதை நம்ப முடியாதென்று கண்டு, பிறகு சம்பளக் கணக்கிலிருந்தே எடுக்கலானார்கள். நம் நாட்டில் கிழவர் பிறந்த நட்சத்திரம் என்னவென்று ஜாதகத்தில் தேடுகிறார்கள். அவர் படுக்கும் இல்லத்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்பார் யார்? கடைக்காரன் தராசுக்கும் படிக்கல்லுக்கும் அரசாங்கம் முத்திரை போடுகிறதல்லவா? மனிதனை வைத்துக் காக்கும் இடத்தைச் சோதித்து, முடிவை வாசலிலேயே எழுதித் தொங்கவிட வேண்டுமென்று நாம் கேட்க வேண்டும்.

ஏழைக்கு என்ன வழி?

"ஐயா, பணமிருப்பவன் மூன்று இல்லம் பார்ப்பான், எங்களுக்கு?" என்று ஒரு தோழர் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. 1782-இல் பஞ்ச காலத்தில் சென்னையில் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றினார்கள். அந்தக் கஞ்சித் தொட்டியிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. அது தர்மம். இன்று நாம் கேட்பது தர்மமல்ல, உரிமை. 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது 150 பேர் தங்கும்படி ஆதரவற்ற முதியோர்க்கு இல்லம் அமைக்கலாமென்று அரசாங்கத்துக்கு வழி காட்டுகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் முதியோர்க்குத் தனி வரிசையும், கூடுமானவரை படுக்கையும் வேண்டுமென்கிறது. கிண்டியில் 200 படுக்கைகளோடு முதியோர்க்கென்றே அரசாங்க ஆஸ்பத்திரி 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அங்கே போய்க் காட்டுங்கள்.

பிள்ளைகள் சோறு போடாவிட்டால் அதே சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். வக்கீல் வேண்டியதில்லை. மாதம் 10,000 ரூபாய்வரை ஜீவனாம்சம் விதிக்க இடமுண்டு. வீட்டையோ நிலத்தையோ பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கிற பெரியவர்களுக்கு ஒன்று சொல்லுகின்றோம். "என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். எழுதியிருந்து அவன் தவறினால், 23-ஆவது பிரிவின்படி அந்தப் பத்திரத்தையே செல்லாதென்று ஆக்கலாம். பாசத்தை நம்பி வெறும் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்காராதீர்கள். முதியோர்க்கு ஆபத்தென்றால் 14567 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

சேர்த்த பிறகு

கடைசியாக ஒன்று. நல்ல இல்லத்தில் சேர்த்துவிட்டோம், கடமை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். அடிக்கடி ஆள் வந்து பார்க்கும் கிழவியை எந்த இல்லமும் துணிந்து அசட்டை செய்யாது. யாரும் வராதவள் கதிதான் அதோகதி. ஆகவே நாளை மாற்றி, நேரத்தை மாற்றிப் போங்கள். போர்வையை விலக்கி முதுகையும் இடுப்பையும் குதிகாலையும் பாருங்கள். ஆண்பிள்ளைகள் போங்கள்! அதையும் பெண்டுகள் தலையில் கட்டாதீர்கள். பக்கத்துக் கட்டிலில் யாருமில்லாதவர் இருந்தால் அவரையும் இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டு வாருங்கள். எப்போது வந்தாலும் பார்க்க விடாத இல்லமானால் அன்றைக்கே வேறிடம் தேடுங்கள்.

செத்தபின் வருஷந்தோறும் திதி கொடுக்கப் புரோகிதனுக்கு அரிசியும் பருப்பும் வேட்டியும் தட்சணையும் தருகிறீர்கள். அந்தப் பணத்தை உயிரோடிருக்கையிலேயே இரவு வேலைக்கு இன்னும் ஓர் ஆள் வைக்கக் கொடுங்கள். எள்ளும் தண்ணீரும் பிதுர்லோகம் போய்ச் சேர்ந்ததைப் பார்த்தவர் எவருமில்லை. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டப்பட்ட முதுகில் புண் இல்லாததை எவரும் பார்க்கலாம்.

தோழர்களே! நாம் சொன்ன கேள்விகளையும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். போய்க் கேட்டுப் பாருங்கள். போதாதென்று கண்டால் உங்கள் கேள்வியையும் சேர்த்து, அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டுப் புத்தகத்தோடு வாருங்கள். ஒருவர் பட்டதை மற்றவர் படாதிருக்க அது உதவும். அதுவே போதும் என்று சொல்லி இவ்வளவோடு முடித்துக்கொள்ளுகின்றோம்.